ஈசிஆர் ரோப்ஸ் கோர்ஸ்: மாத்தி மாத்தி மாட்டற கொக்கியா, கடைசி வரைக்கும் கழட்டாத ரோலரா?

வேளச்சேரி_அம்மா:
வணக்கம். பையன் ஏழாவது படிக்கிறான், ஸ்கூல்ல இருந்து ஈசிஆர்ல ஒரு அட்வென்ச்சர் பார்க்குக்கு கூட்டிட்டு போறாங்க, கன்சென்ட் ஃபார்ம்ல ஹை ரோப்ஸ்னு (உயரத்துல கட்டின கயிறு, கம்பி மேல நடக்கறது) ஒரே ஒரு வரி தான் போட்டிருக்கு. கேட்டா, ஹார்னஸ் (உடம்ப சுத்தி மாட்டற பாதுகாப்பு பெல்ட்) போடுவாங்க மேடம், பயப்படாதீங்கன்னுட்டாங்க. எதிர் வீட்டு பொண்ணு வேற ஒரு இடத்துக்கு போயிட்டு வந்து, ஒவ்வொரு மேடையிலயும் கொக்கிய அவளே கழட்டி அடுத்த கம்பில மாட்டிக்கிட்டதா சொல்றா, கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. ஒரு தடவை மாட்டினா முடியற வரைக்கும் கழட்டவே முடியாத சிஸ்டம் இருக்காமே, அத தான் கேக்கணுமா?

கம்பிமேல்நடை:
மேடம், நான் அவுட்பவுண்ட் ட்ரெயினிங்ல வேலை பாக்கறேன். மூணு வகை இருக்கு. சாதா கேரபினர், அதாவது கொக்கி, ரெண்டு குடுத்து ஒண்ணு ஒண்ணா மாத்திக்க சொல்றது பழைய முறை, பசங்க களைச்சு போயிட்டா ரெண்டையும் சேத்து கழட்டிடற ஆபத்து இதுல தான் இருக்கு. அடுத்தது எடல்ரிட் ஸ்மார்ட் பெலே மாதிரி, ஒரு கொக்கி திறந்திருந்தா இன்னொண்ணு பூட்டிக்கும். மூணாவது தான் நீங்க சொல்றது, கன்டினியூவஸ் பெலே, அதாவது ஹார்னஸோட இணைச்ச ரோலர் ஒண்ணு கடைசி வரைக்கும் கேபிள்லயே ஓடும், பிரான்ஸ் கம்பெனி கோலா எக்விப்மென்டோட சேஃப்ரோலர் இந்த வகை. நடுவுல கேபிள தாங்கற பிராக்கெட் மெல்லிசான தகடா இருக்கும், ரோலர்ல இருக்கற பிளவு அந்த தகடு நுழையற அளவு மட்டும் தான், கேபிள் கனத்த விட சின்னது, அதனால ரோலர் பிராக்கெட்ட தாண்டி போயிடும், கேபிள விட்டு மட்டும் வெளிய வராது. குழந்தைங்கன்னா என் ஓட்டு இதுக்கு தான்.

ஆனா இத வாங்கி மாட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு சில இடத்துல நினைக்கறாங்க, அது தப்பு. குழந்தை செய்ய வேண்டியத இப்ப ஆரம்ப மேடையில நிக்கற ஒரே ஒரு ஆள் செய்யறாரு, அவர் ஹார்னஸ் பக்கிள சரியா போடாம அனுப்பிட்டா அந்த தப்போட தான் புள்ள கடைசி வரைக்கும் போகும், வழியில யாரும் தொட்டு பாக்க மாட்டாங்க. அதனால மாட்டறது ஒருத்தர், இழுத்து பாத்து அனுப்பறது இன்னொருத்தரான்னு கேளுங்க. சின்ன உடம்பா இருந்தா இடுப்பு ஹார்னஸ் மட்டும் போதாது, தலைகீழா ஆனா நழுவும், ஃபுல் பாடி வேணும்.

திருவான்மியூர்_ரிக்கர்:
மேல சொன்னது சரி, ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. ரோலர் சிஸ்டத்துல முன்னாடி போறவர தாண்டி போக முடியாது, ஒரு பையன் பயந்து நடுவுல நின்னுட்டா பின்னாடி வர்றவங்க எல்லாரும் நிக்கணும். தடுக்கி விழுந்து ஹார்னஸ்ல அசையாம தொங்கினா கால்ல ரத்தம் தேங்கும், சீக்கிரமா இறக்கியாகணும், ரோலர் தானா கழண்டு வராதுங்கறதால இறக்கறதுக்குன்னு தனி கயிறும் அத பழகின ஆளும் வேணும். ரெஸ்க்யூ கிட் எங்க இருக்கு, காட்டுங்கன்னு கேளுங்க. அதுக்கு பதில் சொல்ல திணறற இடத்துக்கு புள்ளைய அனுப்பாதீங்க.

இன்னொண்ணு நம்ம கடல் காத்து. கால்வனைஸ்டு கேபிளா இருந்தாலும் ஈசிஆர்ல துரு பிடிக்கும், அதுவும் கேபிள இறுக்கி பிடிக்கற கிளாம்ப் உள்ள, மேல இருந்து பாத்தா தெரியாது. ரோலர் உரசற எடத்துல ஒரு இழை பிஞ்சு நீட்டிக்கிட்டு இருந்தாலே அந்த லைன நிறுத்தணும். ரோப்ஸ் கோர்ஸுக்கான ஐரோப்பிய தரம் ஈஎன் 15567 வருஷத்துக்கு ஒரு தடவையாவது முழு இன்ஸ்பெக்‌ஷன் கேக்குது, அந்த ரிப்போர்ட்டோட தேதிய பாருங்க. மரத்துல கட்டின கோர்ஸா இருந்தா மரத்த செக் பண்ணாங்களான்னும் கேளுங்க, 2016 வர்தா புயல்ல எத்தன மரம் சாஞ்சுதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

வேளச்சேரி_அம்மா:
ரொம்ப நன்றிங்க. ஸ்கூல் மூலமா பார்க் மேனேஜர் கிட்ட பேசினேன், ரோலர் சிஸ்டம் தானாம், ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு, ரெஸ்க்யூ பத்தி கேட்டதுக்கு ட்ரெயினர் கிட்ட கேட்டு சொல்றேன்னாரு. ரெண்டும் வந்தா தான் கையெழுத்து போடுவேன், மத்த பேரன்ட்ஸ் கிட்டயும் சொல்லிட்டேன்.

கம்பிமேல்நடை:
நல்லது மேடம். கிளாஸ்ல பொண்ணுங்களும் வருவாங்க இல்ல, நீள முடிய இறுக்கி பின்னி ஹெல்மெட் உள்ள விட சொல்லுங்க, துப்பட்டா கீழயே இருக்கட்டும், ரோலர்ல முடி சிக்கினா மேல வெச்சு எடுக்கறது ரொம்ப கஷ்டம்.