பொருள்: சபைக்குள் உடன் நிற்பவருக்கு ஒரு சொல்

திருமங்கலத்திலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு,

சபைகளில் கொடுப்பதற்காகச் சிறு கையேடு ஒன்று தயாராகிறது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களின் உரிமைக்காகப் பேசுகிற, ஆனால் தாங்கள் அப்படி அல்லாத கிறிஸ்தவர்களை எந்தப் பெயரில் குறிப்பது என்பதில் வேலை நின்றுபோயிருக்கிறது. மற்ற சொற்களுக்குத் தமிழக அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட பட்டியலையே பின்பற்றுகிறோம்.

'Ally' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். தமிழில் எழுதினால் அது 'ஆலை' ஆகிறது. மதுரையில் ஆலை என்றால் மில். குறுக்கினால் 'அலை'. கொஞ்சம் பிசகினால் 'அலி'. எந்த வசவை ஒழிக்கப் பார்க்கிறோமோ அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கையில் இருப்பவை: கூட்டாளி, ஆதரவாளர், துணைநிற்பவர். பெரியவர்கள் சொல்லுங்கள்.

பசுமலையிலிருந்து:

தம்பி, முதல் இரண்டையும் இப்போதே தள்ளிவிடலாம். ராமநாதபுரம் பக்கம் கூட்டாளி என்றால் சிநேகிதன், நல்ல சொல்தான். ஆனால் பேப்பரில் கூட்டாளி வருவது 'கூட்டாளிகள் மூவர் கைது' என்ற வரியில். ஏற்கெனவே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிற மனிதருக்கு நாமே அந்தப் பட்டத்தைக் கட்ட வேண்டாம். ஆதரவாளர் இன்னும் மோசம். மதுரைச் சுவர்களில் எத்தனை ஆதரவாளர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்! அவர்களுக்கு இழப்பு ஏதும் இல்லை. ஏதாவது கிடைக்கும் என்றுதான் நிற்கிறார்கள்.

நமக்கு வேண்டிய ஆள் இழக்கிறவர். எனக்குத் தெரிந்த ஒரு கிராமச் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். பாடகர் குழுவில் இருந்த ஒரு பையனைப் பற்றித் தெரிந்ததும், கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு முன்னால் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். அவனுடைய மாமா ஞாயிறுதோறும் இரண்டாம் பாடம் வாசிக்கிறவர். அந்த வாரம் அவர் முறை வந்தபோது எழுந்திருக்கவில்லை. கடைசிப் பெஞ்சில், பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் கமிட்டிக்காரர் கேட்டார்: "நீங்களும் அவனுக்கு சப்போர்ட்டா?" இவர், "சப்போர்ட்டெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. அவன்கூட நிக்கிறேன், அவ்வளவுதான்" என்றார். அடுத்த தேர்தலில் அவர் கமிட்டியில் இல்லை. பெண் கொடுப்பதாகப் பேசிக்கொண்டிருந்த வீட்டாரும் அவருடைய மகன் விஷயத்தில் பின்வாங்கிவிட்டார்கள்.

இந்த மனிதரைத்தான் நாம் பெயரிடப் பார்க்கிறோம். சென்னையில் ஊர்வலத்தில் வானவில் கொடி பிடித்துவிட்டு ஊருக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்கிறவரை அல்ல. என் ஓட்டு 'துணைநிற்பவர்'.

நாகமலையிலிருந்து:

பசுமலை ஐயா சொல்வது சரி. ஆனால் சபைக்குப் போகிற சொல் என்பதால் ஒரு சிக்கல். 'நிற்பவர்' என்றதுமே எவராவது முதலாம் சங்கீதத்தை எடுத்துப் போடுவார்: 'பாவிகளுடைய வழியில் நில்லாமலும்'. ஞாயிறு பள்ளியில் எல்லாரும் மனப்பாடம் செய்த வசனம். பதில் கையில் இல்லாமல் இந்தச் சொல்லை அச்சடிக்காதீர்கள்.

பசுமலையிலிருந்து:

பதில் இரண்டாம் தீமோத்தேயு நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. பவுல் விசாரணைக்கு நிற்கையில் எல்லாரும் கைவிட்டார்கள். 'கர்த்தரோ எனக்குத் துணையாக நின்று' என்கிறார். கூட்டத்தோடு சேர்ந்து நிற்பது வேறு, எல்லாரும் விட்டுப் போனவனோடு நிற்பது வேறு. முதலாம் சங்கீதம் எச்சரிப்பது முன்னதைத்தான் என்று நான் வாசிக்கிறேன். அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தையும் பாருங்கள். பிலிப்பு ரதத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தது ஓர் அண்ணகரோடு, அதாவது ஆண்மை நீக்கப்பட்ட ஒருவரோடு. நம் பழைய மொழிபெயர்ப்பு அவரை 'மந்திரி' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக நாம் அவர் யாரென்றே தெரியாமல் வாசித்து வந்திருக்கிறோம்.

செல்லூரிலிருந்து:

ஐயாமாருக்கு வணக்கம். இந்தச் சொல் யாரை முன்னிட்டு உருவாகிறதோ அவர்களில் நான் ஒருவன். 'துணை' வேண்டாம். எங்களுக்குத் துணை என்றால் வாழ்க்கைத் துணை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தபோது நாங்கள் பேசியதெல்லாம் துணை பற்றித்தான். மாமா ஒருவரை என் 'துணை' என்று அச்சில் போட்டால் ஊர் சிரிக்கும். 'உடன்நிற்பவர்' என்று வைத்தால் எனக்குச் சம்மதம்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் விடுதலை ஜெபத்துக்கு என்னைக் கூட்டிப்போக நாள் குறித்தார்கள். பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளை உயர் நீதிமன்றம் 2021-லேயே தடை செய்துவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரு பெண்கள் தொடுத்த வழக்கு அது. ஜெபம் என்று பெயர் வைத்தால் அந்தத் தீர்ப்பை யார் நினைக்கிறார்கள்? என் அத்தைதான் வாசலை மறித்து, "அவன் வரமாட்டான்" என்றாள். அத்தை ஒரு கூட்டத்திலும் பேசியவள் இல்லை. ஓரினம், ஈரினம் என்ற பேச்சே அவளுக்குப் பிடிக்காது. விளக்கம் எழுதும்போது 'உரிமைக்காகக் குரல் கொடுப்பவர்' என்று மட்டும் போட்டால் அவள் விடுபட்டுப் போவாள்.

நாகமலையிலிருந்து:

அப்படியானால் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ்? தனக்கு விஷயம் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். அவர் உடன்நிற்பவரா?

செல்லூரிலிருந்து:

கற்றுக்கொண்டதற்கு ஒரு பெரிய கும்பிடு. ஆனால் நீதிபதி நடுவில் நிற்க வேண்டியவர், ஐயா. அவரை இதில் சேர்த்தால் அவருக்கும் நல்லதல்ல, எங்களுக்கும் நல்லதல்ல.

திருமங்கலத்திலிருந்து:

சரி, இப்படி எழுதியிருக்கிறேன்:

உடன்நிற்பவர்: தாம் தன்பாலீர்ப்பு உள்ளவர் அல்லாதபோதும், அப்படி உள்ளவர் தம் குடும்பத்திலோ சபையிலோ ஒதுக்கப்படும்போது, தமக்கு நேரும் இழப்பைப் பாராமல் அவர் பக்கம் இருப்பவர். பன்மை: உடன்நிற்போர்.

புணர்ச்சி விதிப்படி 'உடனிற்பவர்' என்றுதான் வர வேண்டும், தெரியும். வாசிக்கிறவர் தடுமாறக்கூடாது என்று பிரித்தே வைத்திருக்கிறேன். இலக்கணக்காரர்கள் திட்டுவதானால் தனி மடலில் திட்டுங்கள். 'கிறிஸ்தவ' என்ற முன்னொட்டையும் எடுத்துவிட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கோயில் பூசாரியின் மனைவி இதே காரியத்தைச் செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன், அவருக்கும் இந்தச் சொல் பொருந்தட்டும். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.