ரோடு உசந்துடுச்சு, ஓரம் பள்ளம்: சைக்கிள்ல போற பிள்ளைக்காக யாரைக் கேக்கறது?

மாங்காமண்டி:
கிருஷ்ணகிரியிலருந்து கொஞ்சம் தள்ளி எங்க ஊரு. பாப்பா பன்னெண்டாவது. போன வருஷம் ஸ்கூல்ல குடுத்த அரசு சைக்கிள்ல தினம் நாலு கிலோமீட்டர் போகுது. சித்திரையில ரோடு போட்டாங்க, பழைய தார் மேலயே இன்னொரு அடுக்கு. ரோடு உசந்துச்சு, ஓரத்து மண்ணு உசரல. தார் முடியற இடத்துல அரைச் சாணுக்கு மேல பள்ளம். இப்ப மாங்கா சீசன் வேற. மாங்கூழ் ஃபேக்டரி லோடு வண்டி பின்னால ஹாரன் அடிச்சா பிள்ளை ஓரம் ஒதுங்கத்தானே செய்யும்? போன வாரம் அப்படி இறங்கிட்டு மறுபடி ஏத்தறப்ப, முன்சக்கரம் ஏறாம தார் விளிம்பை ஒட்டியே உரசிக்கிட்டு ஓடி கவுந்துடுச்சு. முட்டியில நாலு தையல்.

ஒரு ஆபீஸ்ல "இது எங்க ரோடு இல்ல"ன்னாங்க. இன்னொண்ணுல மனு வாங்கி சீல் குத்திக் குடுத்தாங்க, அதோட சரி. சைக்கிள் குடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது எந்த ரோட்ல ஓடும்னு தெரியாதா?

பழைய ரோட்டு ஆளு:
தம்பி, மொதல்ல கிலோமீட்டர் கல்லைப் பாருங்க. தலை மஞ்சள்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. அந்த ஓரத்துக்கு எங்க பாஷையில "புருவம்"னு பேரு. தார் உசந்தா புருவத்துக்கும் கிராவல் கொட்டி, தண்ணி விட்டு, ரோலர் ஓட்டிச் சமம் பண்ணணும். பண்ணினதா பில் போட்டிருந்தா எம்-புக்குல (செஞ்ச வேலையோட அளவை எழுதற அளவுப் புத்தகம்) அளவு ஏறியிருக்கும். மனுவுல "பாதுகாப்பு வேணும்"னு எழுதினா ஒருத்தருக்கும் உறைக்காது. "புருவத்துக்கு எத்தனை கனமீட்டர் கிராவல்"னு கேளுங்க, அப்ப நிமிர்ந்து உக்காருவாங்க.

தர்மபுரி அக்கா:
ஐயா சொன்னதையே தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. மாநில ஆபீஸ்னா 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும். "ஏன் மண்ணு போடல"ன்னு மட்டும் எழுதாதீங்க, அது தகவலே இல்லன்னு திருப்பிடுவாங்க (நானே ஒருதடவை ஏமாந்தேன்). எஸ்டிமேட் நகல், எம்-புக் நகல், காண்ட்ராக்டர் எத்தனை மாசத்துக்குப் பொறுப்புங்கற ஒப்பந்தப் பக்கம், இவ்ளோதான் கேக்கணும். அவங்க ரோடு இல்லன்னா 6(3) பிரிவுப்படி 5 நாள்ல அவங்களேதான் உரிய ஆபீஸுக்கு அனுப்பணும், உங்களை அலையவிடக் கூடாது. 30 நாள்ல பதில் வரலன்னா 19(1)ல மேல்முறையீடு.

ஓசூர் டெய்லி:
இதெல்லாம் ஆவற கதையா? பேசாம பஸ்ல அனுப்புங்க. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 198ஏ-ன்னு ஒண்ணு சேர்த்தாங்களே, ரோட்டுத் தரம் சரியில்லன்னா 1 லட்சம் வரை அபராதம்னு, அதைக் கேளுங்களேன்.

பழைய ரோட்டு ஆளு:
அது சாவோ ஊனமோ ஆனாத்தான். நாலு தையலுக்கு வராது.

மாங்காமண்டி:
பஸ்ஸு 7.40க்கு ஒண்ணு, அதை விட்டா பத்தரைக்கு. கல்லைப் போய்ப் பார்த்தேன், தலை பச்சை. பாப்பாவோட 15 செ.மீ. ஸ்கேலைப் பள்ளத்துல நிறுத்தி ஃபோட்டோ எடுத்தேன், ஸ்கேல் மொத்தமும் உள்ள போயிடுச்சு. அக்கா, அந்த ஸ்டாம்ப் எங்க கிடைக்கும்?

தர்மபுரி அக்கா:
கோர்ட்டுப் பக்கம் ஸ்டாம்ப் வெண்டர்கிட்ட. தபால் ரசீதைத் தொலைச்சிடாதீங்க. அந்த ஸ்கேல் ஃபோட்டோவுல கிலோமீட்டர் கல்லும் தெரியற மாதிரி இன்னொண்ணு எடுங்க.