பனங்கொட்டைக் காபன் மீமின்தேக்கியின் தன்மின்னிறக்கம்: உதவி தேவை

வணக்கம். சூரிய மின்சாரத்தைச் சேமிப்பதற்காக, யாழ்ப்பாணத்தில் எளிதில் கிடைக்கும் பனங்கொட்டை ஓட்டிலிருந்து செயற்படுத்திய காபன் (நுண்துளைகள் மிகுந்த கரி) தயாரித்து, ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் மீமின்தேக்கி (மின்னேற்றத்தைச் சேமித்து விரைவாக வெளிவிடும் சாதனம், supercapacitor) செய்து வருகிறேன். 1.0 வோல்ற்று வரை மின்னேற்றிச் சுற்றைத் திறந்து வைத்தால், 2 மணித்தியாலத்துக்குள் அது தானாகவே 0.4 வோல்ற்றுக்கு இறங்கிவிடுகிறது (தன்மின்னிறக்கம்). நான்கு மாதங்களாக இதே நிலைதான்.

காபனை அதன் நிறையின் மூன்று மடங்கு பொற்றாசியம் ஐதரொட்சைட்டுடன் கலந்து, ஆகன் வாயுவில், 700 பாகை செல்சியசில், துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரத்தில் சூடாக்கினேன். மின்வாய்த் தாங்கி நிக்கல் நுரை. மின்பகுபொருள் 6 மோலார் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. அறை வெப்பநிலை ஏறத்தாழ 31 பாகை.

எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்தது என்பதால் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துகிறேன். காபனை 1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் இருமுறை கழுவினேன். இரு மின்வாய்களும் தொடாமல் இடையில் வைக்கும் வடிதாள் பிரிப்பானுக்குப் பதிலாகக் கண்ணாடி இழையை வைத்தேன். புதிய கலங்களையும் கட்டிப் பார்த்தேன். பயனில்லை. மின்னழுத்தத்தை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைப்பதால், உட்குறுக்குச் சுற்றைவிட (மின்வாய்கள் உள்ளே ஒன்றையொன்று தொடுவதைவிட), கரைசலில் பரவி வினைபுரியும் மாசையே நான் அதிகம் சந்தேகிக்கிறேன். காபனைச் சூடாக்கிய 700 பாகையில் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு உருக்குப் பாத்திரத்தை அரித்திருக்கக்கூடும்.

உருக்கிலிருந்து வந்த இரும்புதான் காரணமா என்பதை, விலையுயர்ந்த மூலகப் பகுப்பாய்வுக் கருவி இல்லாமல் எவ்வாறு உறுதிப்படுத்தலாம்?