சைஸ், கலர் கட்டம்: ரியாக்ட் கம்போனென்டா, வெப் கம்போனென்டா?

கேள்வி (திருப்பூர்):
வணக்கம். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆர்டர் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். அதில் 6 சைஸ், 4 கலர் என 24 பெட்டிகளில் பீஸ் எண்ணிக்கையைப் பதியும் கட்டம் ஒன்று உள்ளது. கட்டிங், செக்கிங் திரைகள் ரியாக்ட் 18-இல் (திரைகளைக் கம்போனென்ட் எனும் துண்டுகளாகக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) இருக்கின்றன. டெலிவரி சலான் திரைகளோ சர்வரிலேயே உருவாகி வரும் பழைய பி.எச்.பி. பக்கங்கள். இரண்டிலும் ஒரே கட்டம் ஓட வேண்டும் என்பதற்காக அதை வெப் கம்போனென்டாக, அதாவது எந்தப் பக்கத்திலும் பிரவுசரே புரிந்துகொள்ளும் சொந்த டேக்காக எழுதினேன். அதன் உட்பகுதியைப் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் ஷேடோ டாமும் அதில் உண்டு. இப்போது சலான் பக்கத்தில் சேமித்தால் ஓர் எண்கூட சர்வருக்குப் போவதில்லை. ரியாக்ட் பக்கத்தில் சைஸ் பட்டியலைக் கொடுத்தால் ‘ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்’ என்ற வெறும் எழுத்தாக வந்து சேர்கிறது. இரண்டு கட்டங்களைத் தனித்தனியாக எழுதிவிடலாமா? முன்பு அப்படி வைத்திருந்தபோது ரேஷியோ (சைஸ் விகிதம்) கணக்கை ஒன்றில் திருத்தி மற்றொன்றில் விட்டுவிட்டேன். பேக்கிங் வரை போன பிறகுதான் தெரிந்தது. அதனால் தயங்குகிறேன்.

பதில் (கோவை):
தனித்தனியாக எழுத வேண்டாம், தம்பி. ஷேடோ டாமுக்குள் இருக்கும் இன்புட் பெட்டிகளை வெளியிலுள்ள ஃபார்ம் தன்னுடையவையாகக் கொள்ளாது. எண்கள் போகாததற்குக் காரணம் அதுவே. ஷேடோ டாமை எடுத்துவிட்டு, பெட்டிகளுக்குப் பெயர் கொடுத்துப் பக்கத்திலேயே நேரடியாக வைத்தால் அவை தாமாகப் போய்விடும். ரியாக்ட் 18, தெரியாத டேக்குக்குக் கொடுப்பதையெல்லாம் அட்ரிபியூட்டாக, அதாவது எழுத்தாக மாற்றிவிடும். ரெஃப் (பக்கத்திலுள்ள எலிமென்டை நேரடியாகத் தொட ரியாக்ட் தரும் வழி) மூலம் அந்த எலிமென்டைப் பிடித்துப் பட்டியலை பிராப்பர்ட்டியாக, அதாவது எழுத்தாக மாறாமல் அப்படியே கொடுங்கள். 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19-க்கு மாறினால் அந்தச் சுற்றுவழியும் தேவைப்படாது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ரெஃப் வழி சரியாக வந்துவிட்டது. ஆனால் ஷேடோ டாமை எடுத்தவுடன், பழைய பக்கங்களில் எல்லா டேபிளுக்கும் பொதுவாக எழுதியிருந்த சி.எஸ்.எஸ். (தோற்ற விதிகள்) உள்ளே புகுந்து கட்டத்தின் வரிசையைக் கலைத்துவிட்டது.

மறுமொழி (ஈரோடு):
அப்படியானால் ஷேடோ டாம் இருக்கட்டும். வெளி சி.எஸ்.எஸ். உள்ளே வராமல் தடுக்கத்தான் அது இருக்கிறது. வெப் கம்போனென்டின் கிளாஸில் ஃபார்ம் அசோசியேட்டட் என்பதை ட்ரூ என்று அறிவித்து, அட்டாச் இன்டர்னல்ஸ் என்ற மெத்தடை அழைத்து, எண் மாறும்போதெல்லாம் செட் ஃபார்ம் வேல்யூ மூலம் மதிப்பைக் கொடுத்தால், கட்டம் முழுவதும் ஒரே இன்புட்போல ஃபார்மில் சேர்ந்துவிடும். உங்கள் பி.எச்.பி. நிரல் 24 பெயர்களைத் தனித்தனியாக எதிர்பார்க்கும் என்பதால், ஒற்றை எழுத்துச் சரமாகக் கொடுக்காமல் ஃபார்ம் டேட்டாவாக (பெயர், மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) கொடுங்கள். அதிலுள்ள பெயர்கள் அப்படியே போகும். சஃபாரியில் இவ்வசதி 2023 மார்ச்சில் வந்த 16.4 பதிப்பிலிருந்துதான் உண்டு. செக்கிங் மேசையில் பழைய ஐபேட் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: ரியாக்ட் திரைகளில் மட்டும் வரும் தேதிப் பெட்டி, பார்ட்டி தேர்வு போன்றவற்றை ரியாக்ட் கம்போனென்டாகவே விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் போக வேண்டியதற்கு மட்டுமே இந்த உழைப்பு தகும்.

கேட்டவர்:
சலானில் 24 எண்களும் சேமிக்கப்படுகின்றன. ‘அழி’ பொத்தானை அழுத்தினால் மட்டும் கட்டம் காலியாகவில்லை.

மறுமொழி (ஈரோடு):
அதே கிளாஸில் ஃபார்ம் ரீசெட் கால்பேக் என்ற மெத்தடை எழுதி, பெட்டிகளையும் செட் ஃபார்ம் வேல்யூவையும் அதற்குள் காலியாக்குங்கள். ஃபார்ம் ரீசெட் ஆகும்போது பிரவுசரே அதை அழைக்கும்.