கொள்ளுத்தாத்தாவின் சிறைவாசத்தை நூலில் எழுதலாமா?

தணிகைவேல்:
என் கொள்ளுத்தாத்தா, வட ஆற்காட்டுக் கிராமமொன்றில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, 1902-இல் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலிருந்த கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர், திரும்பவே இல்லை. கப்பல் பதிவேட்டில் அவருடைய தந்தை பெயர், சாதி, ஊர், உயரத்துடன் 'இடது முழங்காலில் தழும்பு' என்ற குறிப்பும் உள்ளது. பிந்தைய ஆவணங்களில் மூன்று முறை சிறை, குடி, அங்கேயே இன்னொரு திருமணம். எதையும் மறைக்காமல் உண்மைப் பெயருடன் நூலாக்க நினைக்கிறேன். உறவினர் சிலர் கூடாது என்கிறார்கள்.

மங்கை:
அவர்கள் குடும்ப மானத்துக்கு அஞ்சுகிறார்கள் போலும். என் மறுப்புக்குக் காரணம் வேறு. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தைவிட்டு வெளியே போவதே அங்கே குற்றம். துரையின் மீது புகார் சொல்ல, இந்தியக் கூலிகளின் நலனுக்கென்று அரசு நியமித்த 'பாதுகாவலர்' என்ற அதிகாரியின் அலுவலகத்துக்குச் சென்றவர்கள்கூட அதற்காகத் தண்டிக்கப்பட்டதுண்டு. முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங், ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங் கூலி வாங்கியவர், ஒப்பந்தம் முடிந்தபின் மறு ஒப்பந்தமும் செய்யாமல் ஊரும் திரும்பாமல் அங்கேயே தங்கினால், 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 3 பவுன், அதாவது நான்கு மாதக் கூலிக்கும் அதிகமான தொகையை, வரியாகக் கட்ட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் துரையும் நீதிபதியும் எழுதி வைத்ததை அச்சேற்றினால், அவர்கள் வழங்கிய தண்டனையை நீங்களும் ஒருமுறை வழங்குகிறீர்கள்.

தணிகைவேல்:
அந்தச் சட்டத்தைத் தண்டனைக்குப் பக்கத்திலேயே வைத்து எழுதத்தான் போகிறேன். 1913-இல் அந்த வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிக் கரும்புத் தோட்டங்கள்வரை வேலைநிறுத்தம் செய்தவர்களும் சிறை சென்றவர்களே. சிறையை மறைத்தால் அந்த வரலாறும் சேர்ந்தே மறையும்.

நெல்லை வாசகன்:
இருவரும் அவரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஊரில் விடப்பட்டவர் என்ன ஆனார்? அவருக்கு எந்தப் பதிவேடும் இல்லை. சிறைக்குச் சட்டம் காரணம் என்று வாதிடலாம். மறுமணத்துக்கும் சட்டத்தைக் கைகாட்ட முடியாது. பணம் அனுப்பினாரா, கடிதம் போட்டாரா, அந்த அம்மாள் தாலியை எப்போது கழற்றினார் என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், ஐயா. தெரியாத இடத்தில் வெற்றிடமாகவே விடுங்கள். கற்பனை உரையாடல் மட்டும் வேண்டாம்.

மங்கை:
வாசகன் சொல்வது நியாயம். ஆனால் டர்பனில் இரண்டாம் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் இருப்பார்களே, அவர்களிடம் கேட்டீர்களா? பெயரை மாற்றியும் பயனில்லை. ஊரும் கப்பலும் ஆண்டும் தெரிந்தால் பதிவேட்டில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

தணிகைவேல்:
இன்னும் கேட்கவில்லை, எழுதிக் கேட்கிறேன். அவர்கள் மறுத்தால் அக்குடும்பத்தைப் பற்றிய அத்தியாயத்தை விட்டுவிடுவேன். கொள்ளுப்பாட்டியின் அத்தியாயத்தை எவருக்காகவும் விட மாட்டேன்.

மங்கை:
அந்தத் திருமணத்தைச் சொல்லாமல் கொள்ளுப்பாட்டி காத்திருந்ததை எப்படி எழுதுவீர்கள்? அவர்களுக்குக் கடிதம் எழுதும் முன்பே இதற்கு விடை தேடிக்கொள்ளுங்கள்.