கரிசல் காட்டில் கரண்ட், போர்வெல் இல்லாமல் குடியிருக்க என்ன ஏற்பாடு வேண்டும்?

வேப்பங்கன்று:
சாத்தூர் பக்கம் ரெண்டு ஏக்கர் மானாவாரி. ஊரிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே, 600 சதுர அடியில் தகரக் கூரை வீடு. தை பிறந்ததும் ரெண்டு பேர் குடிபோவதாக முடிவு. நிலத்தடி நீர் உப்பு. கரண்ட் இழுக்க நாளாகும். ஏசி, ஃபிரிட்ஜ் வேண்டாம். விளக்கு, ஃபேன், குடிதண்ணீர் போதும். எதை முதலில் செய்வது?

மானாவாரி:
தண்ணீர்தான் முதல். தையில் குடிபோகலாம், ஆனால் புரட்டாசிக்குள் தொட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டுவிட்டால் அடுத்த மழைவரை டிராக்டர் தண்ணீர்தான்.

1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். உங்கள் கூரை 56 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவத்தில் 400 மில்லிமீட்டர் பெய்து, சிதறல் போக 80 சதவீதம் பிடித்தாலே சுமார் 18,000 லிட்டர். ரெண்டு பேருக்குக் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 20 லிட்டர். தை முதல் புரட்டாசி வரை 5,400. ஒரே பெரிய தொட்டி வேண்டாம், 3,000 லிட்டரில் ரெண்டு வையுங்கள். ஒன்றில் எலி விழுந்தாலும் மற்றது காப்பாற்றும்.

கூரையைக் கழுவி வரும் முதல் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. 6 அங்குலக் குழாயை 10 அடி உயரத்துக்கு நட்டமாக நிறுத்தினால் 50 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அது நிறைந்த பிறகே தொட்டிக்குத் திரும்பும்படி டீ (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) போடுங்கள். அடிமூடியில் சின்ன ஓட்டை இருந்தால் தானாக வடிந்துவிடும். ஓட்டை அடைத்துக்கொள்ளும், மழைக்கு மழை பார்க்கணும்.

பலர் கோட்டைவிடுவது அஸ்திவாரத்தில். நிறைந்த தொட்டி ஒன்று 3 டன். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேடையை மண்மேல் அப்படியே கட்டினால் ஒரே வருடத்தில் சாயும், குழாய் இணைப்பு பிய்ந்துபோகும். 3 அடி கரிசலை அள்ளிவிட்டு கிராவல் போட்டு, அரையடிக்கு ஒருதரம் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டியாக்குங்கள். நிரம்பி வழியும் தண்ணீர் மேடையோரம் தேங்காமல் வெளியே ஓட வாய்க்கால் வேண்டும். வழியும் குழாய் வாயில் கொசுவலை கட்டாயம்.

பேனல்காரன்:
கரண்டுக்கு சோலார் போதும். ஒரு நாள் செலவை வாட்-அவரில் போடுவோம்: 4 விளக்கு (9 வாட், 5 மணி நேரம்) 180, ரெண்டு பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாகத் தின்னும் மோட்டார்; 28 வாட், 10 மணி நேரம்) 560, போன் 40. மொத்தம் 780 வாட்-அவர். 330 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி ஒன்று போதும். பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காதீர்கள், ஆயுள் குறையும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கவனிக்கும் கன்ட்ரோலர், பேனலின் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி வகையாகத்தான் இருக்கணும். அந்தப் பேனல் கொடுப்பது 37 வோல்ட், 9 ஆம்பியர். மலிவான பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலர் அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 9 × 13 போட்டுப் பாருங்கள், 120 வாட்டுக்குக் குறைவு. ‘பேனல் சரியில்லை’ என்று வரும் புகாரில் பாதி இதுதான்.

இன்வெர்ட்டர் வேண்டாம். சும்மா இருந்தாலே 15 வாட் தின்றால் நாளைக்கு 360 போச்சு. 12 வோல்ட் டிசி ஃபேன், விளக்கே வாங்குங்கள். வயர் 2.5 ஸ்கொயர் எம்எம். 1 ஸ்கொயரில் 10 மீட்டர் இழுத்தால் ரெண்டு ஃபேனும் சுத்தும்போது ஒன்றே முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும்.

வேப்பங்கன்று:
நன்றி அண்ணாச்சி. குளிக்க, துவைக்கப் பண்ணைக்குட்டைத் தண்ணீர் சரிப்படுமா?

மானாவாரி:
படும், ஆனால் கரிசல் கலங்கல் நாள்கணக்கில் தெளியாது. பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசி, தண்ணீர் ஊற்றி ராத்திரி வைத்தால் காலையில் அடியில் படிந்திருக்கும். அடியைக் கலக்காமல் மேலாக மொள்ளுங்கள்.

இன்னொன்று, தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரி நடமாடும். கடி வலிக்காததால் தெரியாமலே போகும். கட்டில் போட்டு, கொசுவலையைப் பாய்க்கடியில் சொருகணும். பாம்புக்கடி மருந்து எந்த அரசு ஆஸ்பத்திரியில் இருப்பில் இருக்கிறது என்று இப்போதே விசாரியுங்கள். மழை பெய்தால் வண்டிச் சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு 4 கிலோமீட்டரும் நகராது. தார்ரோடு வரை சரளை அடிப்பதைத் தொட்டிச் செலவோடேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.