உதாரணக் கோடு (நிரல்) கமென்டுக்குள் இருக்கலாமா?

கயல்: எங்கள் ரஸ்ட் மொழி லைப்ரரியில் எல்லாப் பொது ஃபங்ஷனுக்கும் மேலே டாக்குமென்ட் பக்கமாக மாறும் '///' கமென்டிலேயே ஓர் உதாரணம் கட்டாயம் என்று விதி போடலாமா என்று பேச்சு. நான் போடலாம் கட்சி. ரஸ்டின் சோதனைக் கட்டளையான கார்கோ டெஸ்ட் ஓட்டினால் அந்த உதாரணமும் கம்பைல் ஆகி (இயந்திர மொழிக்கு மாறி) ஓடும். பெயரை மாற்றிவிட்டு உதாரணத்தை மறந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். டாக்குமென்ட் பொய் சொல்ல வழியே இல்லை.

ஜாவாக்காரன்: வழியா இல்லை? உதாரணத்தின் தலையில் 'இக்னோர்' என்று ஒரு வார்த்தை போட்டால் கம்பைல்கூட ஆகாது. ரிலீஸ் அவசரத்தில் அதைத்தான் செய்வார்கள். அப்புறம், ஆறு வரி ஃபங்ஷனுக்கு முப்பது வரி கமென்ட். கோடைச் சீராக அடுக்கும் ரஸ்ட்ஃபார்மட்டும் அதற்குள் தானாகக் கை வைக்காது. கோ மொழியில் உதாரணம் டெஸ்ட் ஃபைலில் சாதாரண ஃபங்ஷனாக இருக்கும், டாக்குமென்டிலும் தானாக வந்துவிடும். ஜாவாவே 2022-ல் ஜேடிகே 18 பதிப்பில் ஸ்னிப்பெட் டேக் கொண்டுவந்து, வெளி ஃபைலிலிருந்து உதாரணத்தை எடுக்க வழி செய்தது.

கயல்: தனி ஃபைலில் இருந்தால் ஃபங்ஷனைத் திருத்துபவர் கண்ணில் படாதே, சார். கோ மொழியிலும் கடைசியில் என்ன விடை வர வேண்டும் என்று சொல்லும் 'அவுட்புட்' கமென்ட் விட்டுப்போனால் உதாரணம் கம்பைல் ஆவதோடு சரி, ஓடாது. ஓட்டை அங்கேயும்தான். நெட்வொர்க் கேட்கும் உதாரணத்துக்கு இக்னோர் எதற்கு? 'நோ-ரன்' போடுங்கள், கம்பைலாவது ஆகும்.

பைத்தான்_பாண்டி: இரண்டு பேரும் டெஸ்டைப் பற்றியே பேசுகிறீர்கள், படிக்கிறவன் என்ன ஆவான்? பைத்தானில் டாக்குமென்ட் உதாரணங்களைச் சோதிக்கும் டாக்டெஸ்ட், அச்சாவதை அங்கே எழுதிவைத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். சொற்கள் உள்ள ஒரு செட்டை (வரிசை இல்லாத தொகுப்பை) அச்சிட்டால் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். டெஸ்ட் தேறட்டும் என்று வரிசைப்படுத்தும் 'சார்ட்டட்' சேர்ப்பார்கள். புதிதாக வருகிறவன், அதுவும் தேவை போல என்று தன் கோடிலும் எழுதிவைப்பான். ரஸ்டில் இன்னும் மோசம். '#' போட்ட வரி கம்பைல் ஆகும், பக்கத்தில் தெரியாது. பிழை வந்தால் அதைத் திருப்பி அனுப்பும் '?' வேலை செய்வதற்கான கடைசி 'ஓகே' வரியை அப்படி ஒளித்துவிடுகிறார்கள். அவன் நகலெடுத்துத் தன் மெயின் ஃபங்ஷனில் ஒட்டினால் கம்பைலர் திட்டுகிறது.

கயல்: அது நியாயம். ஆனால் '?' இல்லாமல், பிழை வந்தால் புரோகிராமையே நிறுத்தும் அன்ராப் எழுதினால் அதையே அப்படியே ப்ரொடக்‌ஷனில் ஒட்டுவார்கள். அதற்குக் கம்பைலர் திட்டுவதே மேல்.

ஜாவாக்காரன்: டெஸ்ட் நேரம்? ஒவ்வோர் உதாரணமும் தனி புரோகிராமாகக் கம்பைல் ஆகுமே.

கயல்: ரஸ்ட் மொழியின் 2024 எடிஷனில் முடிந்தவரை ஒன்றாகச் சேர்த்துக் கம்பைல் செய்கிறது. பழைய எடிஷனில் இருந்தால் நீங்கள் சொல்வது சரி.

ஜாவாக்காரன்: சரி, விதி போடுங்கள். 'எல்லா ஃபங்ஷனுக்கும்' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். நீளத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு உதாரணம் எதற்கு? இக்னோர் போட்டால் காரணமும் எழுத வேண்டும் என்று சேருங்கள்.